தும்மினால் நூறு

"உலக வரலாற்றில் இன்றுதான் பொழுது விடிகிறது! தாய்மார்களே, தந்தைமார்களே, தொட்டிலில் காலை உதைத்துக்கொண்டிருக்கும் வருங்காலத் தலைவர்களே! பொய் என்னும் கொள்ளைநோயிலிருந்து நம் குழந்தைச் செல்வங்களைக் காக்கும் 'மெய்க்காப்பு'த் தடுப்பூசித் திட்டம் இந்தப் பொன்னான வேளையில் தொடங்குகிறது. இனி இந்த மண்ணில் ஒரு குழந்தையை ஒருவராலும் ஏமாற்ற முடியாது! தடுப்பூசியின் பலன், குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறையும் நாள்வரை நீடிக்கும். வாழ்க மெய்! வீழ்க பொய்!"

தடுப்பூசி மையத்தின் கூரையில் இருந்த ஒலிபெருக்கி இதைத் திரும்பத் திரும்ப ஒப்பித்துக்கொண்டிருந்தது. நடுநடுவே கொஞ்சம் வீணை. அதற்கு நேர் கீழே, பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் ஒன்றும் பக்கத்தில் மூன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் அந்த வாசகங்களை எழுதியவர். அரசு அறிவிப்புத் துறையின் தலைமை வாசக ஆசிரியர் மாசிலாமணி. முதல் வரிக்காக மட்டும் மூன்று நாள் மோவாயைத் தடவியிருந்தார். அதற்கு முன்னால் விடிந்த பொழுதெல்லாம் எந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் கேட்கவில்லை. யாரும் எதையும் கேட்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவருடைய துறைக்கு ஐந்து மாடிக் கட்டடம் கொடுத்திருந்தார்கள்.

பதினெட்டு வயது விஷயத்தை மட்டும் ஓர் இளம் விஞ்ஞானி திட்டக் குழுக் கூட்டத்தில் கேட்டுவிட்டான்.

"ஆயுசு முழுக்க வேலை செய்யற மாதிரியே பண்ணலாமே சார்? ஒண்ணும் கஷ்டமில்ல."

செயலாளர் அவனை வாஞ்சையோடு பார்த்தார். "தம்பி, பதினெட்டுக்கு மேல அவங்க ஓட்டுப் போட வருவாங்கல்ல?"

விஞ்ஞானி தலையாட்டிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

மாசிலாமணி தமிழ்ப் பெருமிதம் மிக்கவர். கடையெழு வள்ளல்கள் ஏழு பேரின் பெயரையும் தன் பிள்ளைகளுக்கு வைப்பதாகக் கல்யாண மேடையிலேயே சபதம் செய்தவர். மூத்தவன் பாரி, ஏழு வயது. அடுத்தது ஐந்து வயது இரட்டையர், ஓரியும் காரியும். இருவரையும் சேர்த்து "ஓரீ! காரீ!" என்று கூப்பிட்டால், கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம் போவதாக நினைத்துத் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நான்காவது பெண்ணாகப் பிறந்தது. அதற்காகத் திட்டத்தை மாற்றிக்கொள்ள அவர் என்ன எதிர்க்கட்சியா? ஆண் வள்ளலின் பெயரையே வைத்தார்: நள்ளி. இன்னும் மூன்று வள்ளல்கள் பாக்கி என்று அவர் ஞாபகப்படுத்தியபோது, "அந்த மூணு பேரையும் நீங்களே பெத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு மனைவி செண்பகம் அறைக்கதவைச் சாத்தினாள்.

அந்த நள்ளிதான் இப்போது மடியில். அடுத்த மாதம் நாலு வயது. அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். நடுவே மூச்சு வாங்கினால் நிறுத்திக்கொள்வாள். பிறகு மறுபடி கழற்றுவாள்.

வரிசையின் முன்னால், சிஸ்டர் ரெஜினா பெற்றோர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கையில் ஊசி, இடுப்பில் இன்னொரு கை.

"பொய் சொல்றப்ப நம்ம குரல்ல ஒரு நடுக்கம் வருமாம்மா. நம்ம காதுக்குக் கேக்காது. இந்த மருந்துல பொடிப்பொடியா என்னமோ இருக்கு, அது போய்ப் பிள்ளை காதுல உக்காந்துக்கும். அதுக்குக் கேக்கும். கேட்ட உடனே மூக்குல ஒரு கிள்ளு. பிள்ளை தும்மும். தும்மினா எதிர்ல இருக்கறவன் புளுகறான்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"பொய்யுன்னு தெரியாமலே சொன்னா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தெரியாம சொன்னா அது பொய்யில்ல, முட்டாள்தனம். அதுக்கு இன்னும் ஊசி வரல."

"பிள்ளையே பொய் சொன்னா?"

"அது உங்க பாடு. பெரியவங்க குரல் தடிச்சது, அதுக்குத்தான் வேலை செய்யும். பிள்ளைங்க ஒண்ணுக்கொண்ணு புளுகிக்கலாம். தடையில்ல."

"எங்க நாத்தனார் வந்தா வாய் நிறைய 'நல்லா இரு, நல்லா இரு'ம்பா. வாழ்த்துனா வராதுல்ல சிஸ்டர்?"

"வாழ்த்தும் சேர்த்திதான்மா. வாய் ஒண்ணு, மனசு ஒண்ணுன்னா தும்மல்தான். அவங்க வர்ற அன்னிக்கு நாலு கைக்குட்டை எடுத்து வச்சுக்கோங்க."

வரிசை சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தம் குழந்தையை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று போலீஸ்காரன் மாதிரி தெரிந்தது.

மாசிலாமணிக்கு இதெல்லாம் பழைய செய்தி. பிள்ளைகள் தும்மித் தொலைக்கப் போகிறார்களே, அமைச்சர் பேச்சு டிவியில் வந்தால் நாடே ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடுமே என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, வழி சொன்னவரே அவர்தான். இனி அரசாங்க அறிவிப்புகளை எல்லாம் இயந்திரக் குரல் வாசிக்கட்டும் என்றார். இயந்திரத்துக்கு மனசு கிடையாது. குரலில் நடுக்கம் கிடையாது. எனவே அது சொல்வது எதுவும் பொய் கிடையாது. செயலாளர் எழுந்து வந்து கை குலுக்கினார். திட்டத்தின் முதல் நாள் முதல் ஊசி மாசிலாமணியின் பிள்ளைகளுக்குத்தான் என்று அந்த மகிழ்ச்சியிலேயே அறிவித்தும்விட்டார்.

அன்றிலிருந்து மாசிலாமணி சரியாகச் சாப்பிடவில்லை.

நள்ளிக்கு ஓடினால் உதடு நீலமாகிறது என்று சில வாரங்களுக்கு முன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். இதய மருத்துவர் குழந்தையைச் சோதித்துவிட்டு, "சார் மட்டும் ஒரு நிமிஷம் இருங்க. அம்மா பாப்பாவோட வெளிய இருக்கட்டும்" என்றார். கதவு மூடிக்கொண்டது. "இதயத்துச் சதை அது பாட்டுக்குக் கரையுது சார். நிறுத்த மருந்தில்ல. மாத்தி வைக்க இந்த வயசுக்கு ஏத்த இதயமும் கிடைக்காது. அடுத்த பிறந்தநாளை நல்லாக் கொண்டாடுங்க. அதுக்கு அடுத்ததுக்கு..." என்று சொல்லிவிட்டு மேஜையிலிருந்த பேனாவை நேராக்கினார். காதுக்குள் ஒற்றனைக் குடியேற்றத் தெரிந்த விஞ்ஞானத்துக்கு ஒரு கைப்பிடி இதயத்தில் ஒட்டுப்போடத் தெரியவில்லை. அது வேண்டும் என்று யாரும் அறிக்கை விட்டிருக்கவில்லை.

"அம்மாகிட்ட இப்பச் சொல்லாதீங்க சார். பொம்பளைங்க தாங்க மாட்டாங்க."

வெளியே வந்து, "ஒண்ணுமில்ல. சத்துக்குறைவுதான். டானிக் எழுதியிருக்கார்" என்றார் மாசிலாமணி. தொழில்முறைக் குரல். ஒரு பிசிறில்லை. செண்பகம், "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். நள்ளியின் மூக்கைத் துடைத்தாள். கார் வரை வந்தபிறகு, தண்ணீர் பாட்டிலை டாக்டர் அறையிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனாள். பாட்டிலோடு வர ரொம்ப நேரம் ஆயிற்று. பெண்களுக்கு ஒரு பொருளைத் தேடி எடுக்கத் தெரியாது என்று மாசிலாமணி அப்போது நினைத்துக்கொண்டார். பாவம், ஒன்றும் தெரியாதவள். அவளுடைய பங்கையும் சேர்த்துத் தானே சுமப்பதில் ஒரு கம்பீரம் இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது தாடைகூடக் கொஞ்சம் உறுதிப்பட்டிருந்தது.

இப்போது வீட்டில் நாலு தும்மல் வரப்போகிறது. ஒரு தும்மல் போதும், செண்பகம் இடிந்துபோவாள். ஊசி வேண்டாம் என்று விலக்குக் கேட்கலாமென்றால் இரண்டு பெற்றோரும் சேர்ந்து காரணம் சொல்ல வேண்டும். அந்த விதியையும் அழகான தமிழில் எழுதியவர் அவரே.

அதனால் பயிற்சி எடுத்தார். கேள்விக்குத் தும்மல் வராது. கட்டளைக்கு வராது. பெருமூச்சுக்கு வராது. "பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்றால், "உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்டுவிடலாம். அரசாங்கத்துக்காக இருபது வருஷமாகச் செய்ததுதான். ஆச்சரியமாக, செண்பகமும் கொஞ்ச நாளாகக் கேள்வியாகவே பேசிக்கொண்டிருந்தாள். "டானிக் குடுத்தாச்சா?" "நீ குடுக்கலயா?" "நீங்க குடுத்திருப்பீங்கன்னு நினைச்சேனே?" இப்படியே இரவுச் சாப்பாடு முடியும். தன் நடை அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அவருக்கு ஒரு பெருமிதம்.

ஓர் ஆபத்தை மட்டும் முந்தின நாள்தான் உணர்ந்தார். அந்த வீட்டில் யார் தும்மினாலும் உச்சந்தலையில் கைவைத்து "நூறு" என்று சொல்ல வேண்டும். நூறு வயது வாழ வேண்டும் என்று அர்த்தம். செண்பகத்துக்கு இது மூச்சுவிடுகிற மாதிரி. டிவியில் தும்மினாலும் சொல்வாள். ஒருமுறை அரங்கத்தில் அமைச்சர் பேச்சை நிறுத்தித் தும்மியபோது ஐந்தாவது வரிசையிலிருந்து "நூறு" என்று குரல் கொடுத்தவள். நள்ளி தும்மும்போது தான் அந்தச் சொல்லைச் சொல்லிவிடக் கூடாது. வாயை இறுக்கிக்கொள்ள வேண்டும். செண்பகம் சொல்லிக்கொள்ளட்டும். அவளுக்குத்தான் ஒன்றும் தெரியாதே. நம்பிச் சொல்கிறவள் வாயில் அது பொய்யாகாது. அறியாமை எப்பேர்ப்பட்ட வரம் என்று எண்ணி, அதை ஓர் அறிவிப்பில் எங்காவது சேர்க்க முடியுமா என்றும் ஒரு கணம் யோசித்தார்.

"மாசிலாமணி சார் பிள்ளைங்க வாங்க!"

முதலில் பாரி. ரெஜினா பஞ்சால் கையைத் துடைத்தாள். இத்தனை வருஷமாக 'எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்று சொல்லித்தான் குத்தியிருக்கிறாள். இன்றிலிருந்து மையத்துக்குள் அதைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. "வலிக்கும்டா கண்ணு. நல்லாவே வலிக்கும். கட்டெறும்பு பத்து சேர்ந்து கடிச்சாக்கூட இப்படி வலிக்காது" என்றாள். பாரி போட்ட அலறலில் வரிசையில் இருந்த அத்தனை பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். உண்மையின் யுகம் இப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்து ஓரி. செண்பகம் அவனை இழுத்து முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் வலிக்காதுடா என் ராஜா" என்றாள்.

பாரி தும்மினான்.

"நூறு" என்றாள் செண்பகம், அவன் தலையில் கைவைத்து.

"பொய்! வலிக்கும்! அண்ணன் தும்மிட்டான்!" என்று கத்திக்கொண்டு ஓரி நாற்காலிகளுக்கு அடியில் பாய்ந்தான். அவனை மாசிலாமணி காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். வேட்டி கட்டியிருந்ததால் அது வரலாற்றுச் சிறப்புமிக்க காட்சியாக அமையவில்லை. காரியோ இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்குப் போட்டாச்சு" என்று நேர்மையாக அறிவித்தான். இரட்டையர் என்பதால் ரெஜினா ஒரு நொடி குழம்பினாள். பிள்ளை சொல்லும் பொய்யை யாரும் தும்ம முடியாதே. பஞ்சு ஒட்டாத கையைப் பார்த்துக் குத்தினாள்.

பக்கத்து வரிசையில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "பாலத்துக்கு மேல மாட்டிக்கிட்டேன் சார், ஒரே டிராஃபிக்..." பாரி, ஓரி, காரி மூன்று பேரும் ஒரே நேரத்தில் தும்மினார்கள். "நூறு, நூறு, நூறு" என்று செண்பகம் மூன்று தலைகளையும் தொட்டாள். போன்காரர் தூர நகர்ந்தார். நகர்ந்த இடத்தில், அப்போதுதான் ஊசி போட்டிருந்த இன்னொரு குழந்தை தும்மியது.

கடைசியாக நள்ளி. அவள் அழவில்லை. ஆஸ்பத்திரியில் குத்திக் குத்திப் பழகியிருந்தது. தானே சட்டைக் கையை மேலே தூக்கி, "இந்தக் கையா, அந்தக் கையா அக்கா?" என்று கேட்டாள்.

"ஐயோ, என் தங்கமே. உன்ன மாதிரி சமத்துப் பிள்ளையை நான் பார்த்ததே இல்லடி" என்றாள் ரெஜினா.

யாரும் தும்மவில்லை.

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு சில நிமிஷம் இருக்க வேண்டும். அதற்குள் மையத்தின் தலைமை மருத்துவர் பக்தவத்சலம், ஒரு பொன்னாடையும் ஒரு போட்டோக்காரரும் சகிதமாக வந்துசேர்ந்தார். நீளமான மனிதர், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமும் வகை.

"சார்! நம்ம மாசிலாமணி சார்! குடும்பத்தோட! எவ்வளவு பெரிய பாக்கியம் எங்க மையத்துக்கு!" பொன்னாடை மாசிலாமணியின் கழுத்தில் விழுந்தது. "எல்லாரும் கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க. பாப்பா, மாமாவப் பாரு. சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த அறிவிப்பு இருக்கே... 'இன்றுதான் பொழுது விடிகிறது'... காலையில கேட்டேன் சார். அப்படியே கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

பாரி தும்மினான்.

மாசிலாமணியின் புன்னகை பொன்னாடைக்கு மேல் அப்படியே நின்றது. "நூறு" என்றாள் செண்பகம், பாரியின் தலையில் கைவைத்து.

ஓரி தும்மினான். "நூறு."

காரி தும்மினான். "நூறு."

நள்ளி மூக்கைச் சுருக்கினாள். கண்ணை மூடினாள். உடம்பெல்லாம் குலுங்க ஒரு சின்னத் தும்மல். வாழ்க்கையில் அவளுடைய முதல் மெய். மாசிலாமணி ஞாபகமாக வாயை இறுக்கிக்கொண்டார். செண்பகத்தின் கை, பழக்கத்தில், தானாக அந்தச் சின்னத் தலைக்கு இறங்கியது. நல்லவேளை, இவள் சொல்லிவிடுவாள் என்று அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"நூறு" என்றாள் செண்பகம்.

நாலு பேரும் தும்மினார்கள்.

போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து அழுத்திவிட்டார். மறுநாள் எல்லாச் செய்திகளிலும் அந்தப் படம்தான் வந்தது: நாலு குழந்தைகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள், அப்பா அம்மாவைப் பார்க்கிறார், அம்மா தன் உள்ளங்கையைப் பார்க்கிறாள்.

"எனக்கு... எனக்கு உள்ள ஒரு அவசர வேலை இருக்கு" என்றார் பக்தவத்சலம்.

நாலு பேரும் மறுபடி தும்மினார்கள். அவர் போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, தும்மலுக்குச் செண்பகம் நூறு சொல்லவில்லை.

"உனக்கு..." என்றார் மாசிலாமணி.

"ம்."

"எப்ப?"

"தண்ணி பாட்டில் எடுக்கப் போனேன்ல?"

மாசிலாமணி நாற்காலியின் விளிம்பைத் தேடி உட்கார்ந்தார்.

"டாக்டர் சொல்லிட்டாரா? உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அவர்தானே..."

"எங்கிட்டயும் அதேதான் சொன்னார். 'சார்கிட்ட சொல்லிட்டேன்மா. அவர் உங்ககிட்ட மறைப்பார். மறைக்கட்டும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. உங்களக் காப்பாத்தறதா நினைச்சுக்கிட்டிருந்தாத்தான் மனுஷன் நிப்பார், இல்லன்னா விழுந்துடுவார். ஆம்பிளைங்க தாங்க மாட்டாங்க'ன்னார்." செண்பகம் நள்ளியின் மூக்கைத் துடைத்தாள். "நீங்களும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தீங்க. சரி, நடந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மாசிலாமணி பிள்ளைகளைப் பார்த்தார். யாராவது தும்மமாட்டார்களா என்று பார்த்தார். மூன்று பையன்களும் ஈரமூக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கும் மூக்கு அரிக்கவில்லை.

பாரிதான் முதலில் பேசினான். எல்லாவற்றையும் கேட்டு வைத்துக்கொள்கிற பிள்ளை.

"அம்மா, எனக்கு நூறு சொன்ன. ஓரிக்குச் சொன்ன, காரிக்குச் சொன்ன. பாப்பாவுக்கு மட்டும் ஏன் பொய்யா சொன்ன?"

"வாடா, வீட்டுக்குப் போலாம்."

"பாப்பாவுக்கு நூறு இல்லையா?" என்றான் ஓரி. அவனுக்கு இந்த வருஷம்தான் நூறுவரை எண்ண வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை. "நூறு இல்லன்னா எவ்ளோ? தொண்ணூறா?"

"எம்பதா?" என்றான் காரி, விட்டுக்கொடுக்காமல்.

இரண்டு பேரும் தங்கள் மூக்கையே கவனித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"நாம சொன்னா வராதுடா. பெரியவங்க சொல்லணும்" என்றான் பாரி. "அப்பா, நீ சொல்லுப்பா. தொண்ணூறுன்னு சொல்லு."

"வாய மூடுடா!" என்று செண்பகம் கத்தினாள். மண்டபம் திரும்பிப் பார்த்தது.

நள்ளி மட்டும் கத்தலைச் சட்டைசெய்யவில்லை. இந்தப் புது விளையாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. அண்ணன்மார் தன்னைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசுவது இதற்கு முன் நடந்ததில்லை. அப்பாவின் முழங்காலில் ஏறிப் பொன்னாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்துவரைதான் எண்ணத் தெரியும். பத்துக்கு மேல் உலகத்தில் ஒன்றும் கிடையாது.

"பத்து சொல்லுப்பா" என்றாள். "பாப்பாவுக்குப் பத்து."

மாசிலாமணி செண்பகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். ஆனால் இத்தனை வாரமும் அவர் குழந்தை கேட்ட எதையும் மறுத்ததில்லை. அதோடு, வெட்கம்கெட்ட ஒரு யோசனையும் அவருக்குள் இருந்தது. டாக்டர்கள் தப்புச் சொல்வதில்லையா? எத்தனை பேர் பிழைத்து எழுந்திருக்கிறார்கள்? தன் அடிமனசில் எங்கோ ஒரு மூலையில் தான் அதை நம்பிக்கொண்டிருப்பதாகத்தான் அவர் நினைத்திருந்தார். நம்பிச் சொன்னால் பொய்யில்லை. நம்பிச் சொன்னால் தும்மல் வராது.

"பத்து" என்றார்.

நாலு பேரும் தும்மினார்கள். நள்ளியின் தும்மல்தான் பெரியது. பொன்னாடையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள்.

மாசிலாமணியின் அடிமனசில், எந்த மூலையிலும், ஒன்றும் இல்லை. அவருக்கே அது இப்போதுதான் தெரிந்தது.

"இன்னொண்ணு! இன்னொண்ணுப்பா!" நள்ளி தன் விரல்களை மடக்கினாள். கட்டைவிரல் அடங்க மறுத்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்து உள்ளே அமுக்கி, மிச்சத்தை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அடுத்த மாதத்துக்காக வீட்டில் தினமும் செய்துபார்க்கிற வித்தை.

"நாலு?"

"நாலு" என்றார் மாசிலாமணி.

நள்ளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தும்மலுக்குக் காத்திருந்தாள். இரட்டையரும் காத்திருந்தார்கள். தும்மல் வரவில்லை.

"நிஜம்!" நள்ளி கை தட்டினாள். "பாப்பாவுக்கு நாலு! நிஜமா நாலு! நாலுன்னா கேக்கு!"

"பாப்பாவுக்கு நாலு! பாப்பாவுக்கு நாலு!" என்று ஓரியும் காரியும் அவளைச் சுற்றிக் குதித்தார்கள். வரிசையில் இருந்த சில அம்மாக்கள், ஏதோ பிறந்தநாள் போலிருக்கிறது என்று சிரித்தார்கள். ரெஜினாகூட ஊசியோடு எட்டிப்பார்த்துக் கை தட்டினாள்.

பாரி குதிக்கவில்லை. அவன் இரண்டாம் வகுப்பு. நாலுக்கு அடுத்தது என்ன என்று தெரிந்தவன். அப்பாவின் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, பெரிய மனுஷன் மாதிரி கேட்டான்.

"அப்பா. அஞ்சு சொல்லேன்."

மாசிலாமணி அஞ்சு சொல்லவில்லை. கேள்வியாகத் திருப்பிக் கேட்கலாம், கட்டளையாக அதட்டலாம், பெருமூச்சு விடலாம். பயிற்சி எடுத்த எதுவும் வாய்வரை வரவில்லை. பையன் கொஞ்ச நேரம் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தங்கையிடம் போய், தன் சட்டைப் பையிலிருந்த மிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்தான். கேட்காமல் அவன் எதையும் கொடுத்துப் பார்த்திராத நள்ளி, அதை வாங்காமல் அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

செண்பகம் நள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். காரில் போகும்போது குழந்தை ஏதாவது கேட்கும். வீட்டில் கேட்கும். கட்டிலில் படுக்கவைத்து விளக்கை அணைக்கும்போது, மூச்சு வாங்கும்போது, உதடு நீலமாகும்போது, எனக்குச் சரியாயிடுமாம்மா என்று கேட்கும். உலகத்தில் எல்லா அம்மாக்களுக்கும் அதற்கு ஒரே பதில்தான் தெரியும். செண்பகத்தின் வாயிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, அழகான தமிழில் அதற்கு வாழ்க போட்டவர், பொன்னாடையைக் கழற்றவும் தோன்றாமல், பின்னால் மூன்று வள்ளல்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வாசலில் ரெஜினா நாலு பிள்ளைகளின் கையிலும் நீலமாக ஒரு முத்திரை குத்தினாள். "இனிமே ஒருத்தரும் உங்கள ஏமாத்த முடியாது. என்ன?" என்றாள் நள்ளியின் கன்னத்தைக் கிள்ளி. அதற்கும் யாரும் தும்மவில்லை.

தலைக்கு மேல் வீணை ஒலித்தது. "உலக வரலாற்றில் இன்றுதான் பொழுது விடிகிறது!" என்று இயந்திரம் ஆரம்பித்தது. பிள்ளைகளின் மூக்கு அமைதியாக இருந்தது.

தடுப்பூசியின் பலன் பதினெட்டு வயதுவரை. நள்ளிக்கு ஆயுள் முழுவதும்.